நாலு பேர் இல்லாத ஊர்

பிரயாண ஏஜென்சித் தொழில் என்பது, தான் பார்க்காத ஊரை இன்னொருவர் தலையில் கட்டுகிற தொழில். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வாய் வலிக்கப் பேசி, கடைசியில் "யோசிச்சு சொல்றேன்" என்ற ஒரே பேச்சில் கவிழ்ந்துபோன சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும்.

கடை திறந்த கதை

ஐம்பதுகளின் கடைசி. விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே கோட்டக்குப்பத்து பாய் ஒருவர் கப்பல் டிக்கட் ஏஜென்சி வைத்திருந்தார். மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போகிறவர்களை அனுப்பி வைப்பதுதான் தொழில். அவருக்குத் திடீரென்று ஒரு யோசனை. வெள்ளைக்காரன் பிழைக்க மட்டுமா கப்பலேறுகிறான், ஓய்வெடுக்கவும்தானே போகிறான்? நம் ஜனங்களையும் அழகான, கூட்டமில்லாத வெளிநாட்டு ஊர்களுக்கு மாதக்கணக்கில் அனுப்பினால் என்ன? இதற்கென்றே திண்டிவனத்தில் ஒரு கிளை திறந்து என்னை உட்கார வைத்தார். மேனேஜர் நான், குமாஸ்தா நான், கூட்டிப் பெருக்குவதும் நான். "யாராச்சும் போய் வந்து நாலு பேருகிட்ட சொல்லணும் தம்பி, அப்பத்தான் ஏவாரம் நிக்கும். வர்ற பொங்கல் வரைக்கும் பாப்போம், இல்லேன்னா மூடிடலாம்" என்றார்.

மூடினால் எனக்குப் போக்கிடம் இருந்தது. அதுதான் என் பயமே. மாமனாருக்கு விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மொத்த வியாபாரம். தும்மலும் தூசியும் சத்தமுமாக, காலை வைக்க இடமில்லாத மண்டி. பார்க்கும்போதெல்லாம் அவர் வாய் நிறையச் சொல்வார்: "மாப்ளே, கல்லாவுக்குப் பக்கத்துல உங்க நாற்காலி அப்பிடியே காலியாத்தான் கெடக்குது."

ஈ காக்கா

கூட்டமில்லாத ஊரைக் கண்டுபிடிக்க நானே சில விதிகள் வகுத்துக்கொண்டேன். இலங்கையிலிருந்து கப்பலிறங்கி போட் மெயில் ரயிலில் திரும்புகிற தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகளை விழுப்புரம் பிளாட்பாரத்தில் மடக்கி, காபி வாங்கிக் கொடுத்து விசாரிப்பேன். நுவரெலியாவா, சித்திரையில் போகாதே, சீசன் கலைந்த பிறகு போ. கடற்கரையா, துறைமுகம் இருக்கிற ஊரை விட்டுவிட்டு அதற்கு அடுத்த ஊரைப் பார். எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று: அந்த ஊரில் ரயில் நிற்க வேண்டும், ஆனால் யாரும் இறங்கக் கூடாது. விழுப்புரம் ஜங்ஷன்காரனான எனக்குத் தெரியாத கூட்டமா?

முதலில் அகப்பட்டவர் காணை கிராமத்திலிருந்து வந்த கரும்பு விவசாயி. கையில் காசு, காலில் வலி, ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் மலையை வர்ணித்தேன், பனியை வர்ணித்தேன், அருவியைக் கண்முன்னே கொட்டிக் காட்டினேன். அவருக்கும் முகம் மலர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில், "ஈ காக்கா இருக்காதுங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டேன். மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஈ காக்காவே போவாத எடத்துக்கு என்னை அனுப்பப் பாக்கறியா? மலையனூர் அம்மன் கோயில்ல அமாவாசைக்கு என்னா கூட்டம், நீயே பாத்திருப்ப. நல்ல எடமா இருந்தா ஜனங்க சும்மா உடுவாங்களாய்யா?"

சும்மா

திண்டிவனத்து ரைஸ் மில்காரரை அழைத்து வந்தது அவர் மனைவி. மாமியார், நாத்தனார், மில் ஆட்களுக்கு மூன்று வேளைச் சமையல் என்று இருபது வருஷம் ஓய்ந்து உட்காராத அம்மாள். என் சுவரில் மாட்டியிருந்த கடற்கரைப் படத்தை அவர் பார்த்த பார்வையிலேயே பாதி டிக்கட் எழுதியாகிவிட்டது என்று நினைத்தேன். கணவர்தான் குறுக்கு விசாரணை செய்தார். அங்கே சொந்தக்காரர் யாராவது உண்டா? இல்லை. கோயில்? பெரிதாக இல்லை. வியாபாரம்? கிடையாது. பின்னே எதற்கு? "சும்மாத்தாங்க" என்றேன்.

"சும்மா இருக்கறதுக்கு எதுக்குய்யா கப்பலு?" என்று எழுந்து போய்விட்டார். ஆனால் அந்த அம்மாள் வீட்டில் என்ன மந்திரம் போட்டாரோ, அடுத்த வாரமே மனிதர் சிரித்த முகத்தோடு வந்தார். போகிறார்களாம். யார் யார் என்று கேட்டேன். அம்மா, அத்தை, தங்கை குடும்பம், பெரியப்பா மகன், அவர் மச்சான், சமையலுக்கு ஓர் ஆள், அம்மிக்கல் ஒன்று. எனக்குத் தலை சுற்றியது. கூட்டமில்லாத இடம் என்றுதானே அம்மாள் ஆசைப்பட்டார் என்று மெல்ல ஞாபகப்படுத்தினேன். பின்னால் நின்ற அந்த அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் சுவர்ப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மில்காரர் விளக்கினார்: "அதான் தம்பி, அங்க கூட்டம் இல்லேன்னு நீதானே சொன்ன? நாமளே கூட்டிக்கினு போயிட்டா பேஜாரு இல்லே பாரு!"

தங்கை வீட்டுக்காரருக்கும் மச்சானுக்கும் யார் ஜன்னலோரம் என்பதில் தகராறாகி, அந்தப் பயணம் திண்டிவனத்தைத் தாண்டாமலே முடிந்தது.

பினாங்கு மலை

விற்கிற சரக்கைப் பார்த்த ஓர் ஆளாவது வேண்டுமே என்று, பாயின் ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்தேன். பினாங்கில் கால் நூற்றாண்டு துணிக்கடை வைத்திருந்து திரும்பியவர். பென்சிலும் கையுமாக எதிரே உட்கார்ந்து, அந்த மலை எப்படி, மேலே ரயிலில் போகலாமாமே, எந்த மாதத்தில் கூட்டம் குறைவு என்று கேட்டேன்.

அவர் வெகுநேரம் தாடியைத் தடவினார். பிறகு, குற்றம் செய்தவரைப் போலச் சொன்னார்: "காலையில கடைய தொறந்தேன், ராத்திரி மூடுனேன் தம்பி. மலை எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு எம் மவனுக்கு லெட்டர் போட்டுக் கேட்டுச் சொல்றேன்."

கிட்டத்து வெளிநாடு

கூட்டேரிப்பட்டு ரோட்டோரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர் வந்தார். அழகான வெளிநாடு வேண்டும், கூட்டம் கூடாது, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். அப்படி ஒரு வெளிநாடு உலகத்தில் இல்லை என்றேன். இருந்தது என்றார், கண் கலங்க. பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த காலத்தைச் சொல்கிறார் என்று புரிந்தது. நம் பக்கம் மதுவிலக்கு, அந்தப் பக்கம் தாராளம், தொண்டை காய்ந்தவர்களுக்கு அது சொர்க்கம்.

பாண்டிச்சேரி இப்போதும் அங்கேதானே இருக்கிறது, தொண்டைக்கும் வழி இருக்கிறது, அப்புறம் என்ன குறை என்று கேட்டேன். பெருமூச்சு விட்டார். "அப்பல்லாம் போய் வந்தா, வெளிநாடு போய்ட்டு வர்றான்னாங்க. இப்ப அதே எடத்துக்குப் போய் வந்தா, குடிச்சிட்டு வர்றான்றாங்க சார்."

டீச்சரம்மா

ஐப்பசி அடைமழையில் குடையை மடக்கிக்கொண்டு வந்தார் பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. நாற்பத்தைந்து வயதிருக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடு இருந்தார். எடுக்காத லீவு மலையாகச் சேர்ந்திருந்தது. அழகான இடம், கூட்டமில்லாத இடம், இரண்டு மாதம் தங்கல். ஒன்றுக்கும் விளக்கம் கேட்கவில்லை. என் விதிகளுக்கெல்லாம் பொருந்துகிற ஓர் ஊர், இலங்கை மலைப் பக்கத்தில், என் மனசுக்குள் பொத்தி வைத்த ஊர் ஒன்று இருந்தது. அதைச் சொன்னேன். "கொழும்பு வரைக்கும் டிக்கட் போட்டுடுங்க, மீதி ஏற்பாட்டை நீங்களே பாத்துக்கோங்க" என்றார். ஓடிப்போய் அவர் காலில் விழலாம் போல இருந்தது.

மறுநாள் அவருடைய தம்பி வந்து நின்றார். டிக்கட் இல்லை என்று சொல்லிவிடும்படி என்னிடம் கெஞ்சினார். "தனியா ஒரு பொம்பள கடல் தாண்டிப் போனா நாலு பேரு நாலு விதமா கேப்பாங்க சார்." கண்ணெதிரே மண்டி நாற்காலி வந்து போனது. அப்போதுதான் வாசலில் குடை மடங்குகிற சத்தம் கேட்டது. டீச்சரம்மா உள்ளே வந்து, தம்பியின் தோளைத் தொட்டுச் சொன்னார்: "அந்த நாலு பேரு இல்லாத எடமாப் பாத்துத்தாண்டா போறேன்."

ஒரு சத்தியம்

பொங்கலுக்கு முன்னால் திரும்பி வந்தார். ஊருக்கே ஆச்சரியம். கன்னத்தில் சதை போட்டிருந்தது, வகுப்பில் சிரித்தாராம், நடையில் ஒரு துள்ளல். எங்கே போனார் என்று ஊர் துடித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் ஆபீஸ் வாசலில் செருப்புகள் சேர்ந்தன. ரைஸ் மில்காரர் அம்மிக்கல்லோடு தயாராகிவிட்டார். "டீச்சரம்மா போன எடத்துக்கே போடுங்க, வேற எதுவும் வேணாம்." விழுப்புரத்தில் பாய்க்குத் தலைகால் புரியவில்லை. கிளை பிழைத்த மாதிரிதான், நானும் பிழைத்த மாதிரிதான்.

ஆனால் இந்தக் கூட்டம் வருவதற்கு முதல் நாளே டீச்சரம்மா என்னைப் பார்க்க வந்திருந்தார். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, ஜன்னல் வெளியே பார்த்தபடி சொன்னார். "காலையில மேகம் ரூமுக்குள்ளயே வந்துடும். டீ குடிச்சிக்கினு பாத்துக்கினே இருப்பேன். ரெண்டு மாசம் தம்பி, ஒருத்தர்கூட என்னைப் பாத்து ஏன் தனியா இருக்கீங்கன்னு கேக்கலே." அடுத்த வருஷமும் போகப் போவதாகச் சொல்லிவிட்டு, கையை நீட்டிச் சத்தியம் வாங்கிக்கொண்டார். "அந்த ஊர் பேரை மட்டும் யாருக்கும் சொல்லிடாதீங்க. நம்ம ஊர்லேர்ந்து ஒருத்தர் வந்தாலும் போதும், கேட்டுடுவாங்க."

ஆகவே மில்காரரிடம் ஊர்ப் பேர் மறந்துவிட்டது என்றேன். மற்றவர்களிடம் நுவரெலியா என்றேன், திருகோணமலை என்றேன். டீச்சரம்மாவின் சிரிப்பு அங்கே கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பாய் நேரில் வந்து நயமாகக் கேட்டார், கோபமாகக் கேட்டார். நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். கிளையை மூடப் பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஊமைய வச்சி ஏஜென்சி நடத்துன மொத ஆளு இந்தச் சீமையிலேயே நான்தான் தம்பி."

தொழில் நிற்க நாலு பேரிடம் சொல்ல வேண்டும், நல்ல ஊர் நிற்க நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க வேண்டும் என்ற ஞானத்தை, மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே, எப்போது பார்த்தாலும் நாலு பேர் சுற்றி நிற்கிற அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் நான் இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.