பெண்கள் பக்கம்

வெளிநாட்டில் இந்த ஊருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவி எஸ்தரும் பக்கத்துத் தெருவிலிருக்கும் மெதடிஸ்ட் கோயிலுக்குப் போனோம். வாசலில் ஆளுக்கொரு பாட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். உள்ளே நுழைந்ததும் எஸ்தர் யோசிக்காமல் இடப்பக்கம் போய் உட்கார்ந்தாள். நான் யோசிக்காமல் வலப்பக்கம் போனேன். திருவொற்றியூரில் எங்கள் கோயிலில் அப்படித்தான். இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள், நடுவில் நடைபாதை. கல்யாணத்தன்று மட்டும் மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து உட்காரலாம், அடுத்த ஞாயிறு முதல் அவரவர் பக்கம். இங்கே ஆராதனை பாதி முடிந்த பிறகுதான் சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன்னால் இரண்டு ஆண்கள், நடுவில் அவர்கள் வளர்க்கும் குழந்தை. பின்னால் கானாவிலிருந்து வந்த ஒரு குடும்பம். தனித்தனியாக இருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

ஆராதனை முடிந்து டீ கொடுத்தார்கள். மார்கரெட் என்றொரு அம்மாள், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எஸ்தரைத் தனியாக அழைத்துப் போனார். எனக்கு டீயை நீட்டும்போது அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எஸ்தர் சிரித்தாள். “வீட்ல பாதுகாப்பா கீறியான்னு கேட்டாங்க. ராத்திரி எந்நேரம் ஆனாலும் கூப்புடுன்னு நம்பர் குட்த்துகீறாங்க,” என்றாள். நான் பெண்டாட்டியை அடிக்கிறவன் என்று ஒரு வாரம் முழுக்க அந்தச் சபை நினைத்துக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்ததும், மார்கரெட் வந்து என் தோளைத் தட்டி, “நல்ல காரியம் செய்தாய்,” என்றார். திருந்திய மனுஷனுக்குரிய அடக்கத்தோடு நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

அந்தக் கோயில் வாசலில் ஒரு தக்கைப் பலகை இருக்கிறது. சபையார் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரட்டை அதில் தொங்கும். வந்ததும் எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு, போகும்போது திரும்ப மாட்டிவிட வேண்டும். பலகைக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்: நீங்கள் யாராக இருந்தாலும், எங்கிருந்து வந்தாலும், யாரை நேசித்தாலும் இங்கே உங்களுக்கு இடம் உண்டு. இதை வெறும் எழுத்தென்று நினைத்துவிடாதீர்கள். விசா மறுக்கப்பட்டவருக்கு வக்கீல் பிடித்துக் கொடுத்ததும், நான் கிடங்கு வேலைக்குப் போக எனக்கொரு பழைய சைக்கிள் தேடிக் கொடுத்ததும் இவர்கள்தான். ஆறு மாதம் போனதும் என்னை வாசலில் நிறுத்தினார்கள். வருகிறவர்களுக்குப் புத்தகம் கொடுத்து, வாங்க என்று சொல்லும் வேலை. உன் சிரிப்பு நன்றாயிருக்கிறது என்றார் மார்கரெட். திருவொற்றியூரிலும் நான் அதே வேலைதான் பார்த்தேன்.

எனக்கு ஒரு தங்கை உண்டு. பிறந்தபோது தம்பி. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஜெயசீலன் என்று இருக்கிறது. பத்தொன்பது வயதில் வீட்டை விட்டுப் போனவன், நாலு வருடம் கழித்து ஷீலாவாகத் திரும்பி வந்தாள். அம்மா ஒரு மாதம் அழுதார். பிறகு வண்ணாரப்பேட்டைக்குக் கூட்டிப்போய் ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு ஒரு ஞாயிறு ஷீலா அம்மாவோடு கோயிலுக்கு வந்து, பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் அப்போது காட்டுப்பள்ளியில் கப்பல் பட்டறையில் வெல்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சட்டை போட்டுக் கோயில் வாசலில் நிற்பேன். சபைச் செயலாளர் மாமா என் காதருகில் வந்தார். நல்ல மனிதர், அப்பாவின் சாவுக்கு மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே கிடந்தவர். “தம்பி, நீயே போய்ச் சொல்லிடு. நாங்க சொன்னா நல்லாருக்காது,” என்றார்.

போனேன். பாட்டு நடந்துகொண்டிருந்தது. குனிந்து, “எழுந்து அந்தப் பக்கம் வாடா,” என்றேன். அம்மா ஷீலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஷீலா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “அம்மாவாண்டதான குந்திகினு கீறேன். இதுல உனக்கு இன்னாண்ணா பேஜாரு?” என்றாள். நான் கையை நீட்டி ஆண்கள் பக்கத்தைக் காட்டினேன். அம்மாவின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு அவள் எழுந்தாள். நான் காட்டிய பக்கம் வரவில்லை. நடுப்பாதை வழியாக நேராக நடந்து, நான் காவல் நிற்கும் அதே வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். சடையங்குப்பத்தில் தோழி ஒருத்தியோடு ஒரு அறையில் இருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. மழைக்காலத்தில் கட்டில்வரை தண்ணீர் ஏறும் இடம் அது. நான் போய்ப் பார்க்கவில்லை. அம்மா கோயிலை விடவில்லை. ஆனால் அன்று முதல் அதே பெஞ்சில் தன் பக்கத்தில் வேதப்புத்தகத்தை வைத்து இடம் பிடித்துக்கொள்வார். யாராவது உட்கார வந்தால் புத்தகத்தின்மேல் கையை வைத்து, “ஆள் வருது,” என்பார். யாரும் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வாரம் தவறாமல் அதை நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.

எஸ்தருக்கு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து நாங்கள் இங்கே வந்த மறுவருடம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. மாதாமாதம் பணம் அனுப்ப நான் இருந்தேன், பக்கத்தில் இருக்க யாருமில்லை. ஷீலாதான் துணிமூட்டையோடு வந்து சேர்ந்தாள். இரண்டு வருடம் தூக்கி உட்கார வைத்ததும் குளிப்பாட்டியதும் சேலை மாற்றியதும் அவள்தான். வீடியோவில் நான் அம்மாவோடு பேசும்போது, ஓரத்திலிருந்து வளையல் போட்ட ஒரு கை வந்து அம்மாவின் வாயைத் துடைத்துவிட்டுப் போகும். என்னோடு நேராக ஒரு வார்த்தை பேசமாட்டாள். “உம் புள்ள இன்னாவோ கேக்குது பாரும்மா,” என்பாள், அவ்வளவுதான். ஒரு நாள் அம்மா குழறிய நாக்கோடு என்னிடம் ஒன்று கேட்டார். “என்ன எடுக்கும்போது ஷீலா கோயில்ல மொத பெஞ்சுல குந்தணும். பொம்பளைங்க பக்கம். நீதான் அவள எழுப்பின. நீதான் குந்த வைக்கணும்.” சரிம்மா என்றேன். அம்மா என்னிடம் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான்.

அம்மா இறந்தபோது எங்கள் விசா நீட்டிப்பு விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. அந்த நேரத்தில் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். போயிருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது எளிது. அன்று நான் போகவில்லை. போனில் செயலாளர் மாமாவைப் பிடித்து, அம்மாவின் ஆசையைச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் கோபப்படவே இல்லை. “வராதன்னு யாருப்பா சொன்னது? தாராளமா வரட்டும். நீ இல்லாத எடத்துல புள்ளையா நின்னு மொத மண்ணும் போடட்டும். பேண்ட் சட்டை போட்டுகினு ஆம்பளைங்க பக்கம் மொத பெஞ்சுல குந்தட்டும். ஒரு மணி நேரந்தான?” குழியில் முதல் பிடி மண் மகனுக்குரியது. அதையே கொடுக்கிறார்களே என்று நினைத்தேன். பாதி வாசல் திறந்துவிட்டது, மீதி பிறகு திறக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையாகவே எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடுதான் ஷீலாவைக் கூப்பிட்டேன்.

அவள் முழுதும் கேட்டாள். பின்னால் ஒப்பாரிச் சத்தம் கேட்டது.

“அம்மாவ காலைல குளுப்பாட்டினது யாருண்ணா?”

“நீதான்.”

“ரெண்டு வருசமா துணி மாத்தினது?”

“நீதான், ஷீலா.”

“ஆம்பளப் புள்ளைய அது மேல கை வைக்க வுட்டிருக்குமா? தெருப் பொம்பளைங்க அத்தினி பேரும் கூட நின்னு தண்ணி ஊத்தினாங்கோ. யாரும் ஒண்ணும் சொல்லல. பொட்டில வச்சதும் நான் ஆம்பளையா பூட்டனா?”

“ஒரு மணி நேரம்தான். அம்மாவுக்காக.”

“அன்னிக்கு வாடான்ன. இன்னிக்கு மரியாதையா சொல்ற. அவ்ளோதான் வித்தியாசம்,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மாமாவைத் திரும்பக் கூப்பிட்டு, அவள் பெண்கள் பக்கம்தான் உட்காருவாள், இல்லையென்றால் எங்கள் வீட்டுச் சாவுக்கு உங்கள் கோயிலே வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். மூத்த மகன் சொன்னால் கேட்டிருப்பார்கள் என்றுதான் இப்போது தோன்றுகிறது. நான் சொல்லவில்லை. அடக்கம் நின்றுபோகுமோ, கல்லறையில் இடம் தரமாட்டார்களோ, ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தேன். கடல் தாண்டி வந்தும் எனக்கு அந்தத் தெருவின் பயம் விடவில்லை.

அம்மாவின் அடக்க ஆராதனையைப் போனில் தனியாக உட்கார்ந்து பார்க்காதே என்று மார்கரெட் அந்தச் சனிக்கிழமை காலை எனக்காகக் கோயிலைத் திறந்தார். பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, அம்மாவை ஒருவரும் பார்த்ததில்லை. ஆனாலும் எஸ்தரையும் என்னையும் நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். பாட்டுப் புத்தகங்களை அடுக்கி அதில் போனைச் சாய்த்து வைத்தோம். திருவொற்றியூரில் பக்கத்து வீட்டு அக்கா பெண்கள் பக்கத்திலிருந்து போனைப் பிடித்திருந்தார். பெட்டி தெரிந்தது. அதற்கு அந்தப்புறம் ஆண்கள் பக்கத்து முதல் பெஞ்சு தெரிந்தது. அதில் யாருமில்லை. மகனுக்கென்று விட்டிருந்தார்கள். உன் தங்கை எங்கே என்று மார்கரெட் மெல்லக் கேட்டார். வருவாள் என்றேன். கடைசிப் பாட்டுவரை அந்தக் காலிப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அக்காவும் போனோடு வந்தார். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல எண்ணூர் நெடுஞ்சாலையை அடைத்து நின்றன. ஒரு லாரிக்கும் கோயில் மதிலுக்கும் நடுவில், அம்மாவின் பழுப்புச் சேலையைக் கட்டிக்கொண்டு ஷீலா நின்றாள். எத்தனை நேரமாக நின்றாளோ தெரியாது. சேலை வியர்வையில் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. பெட்டி அவளைத் தாண்டும்போது அதன்மேல் கையை வைத்து, வண்டிவரைக்கும் கூடவே நடந்தாள். வண்டியில் ஏறவில்லை. முதல் மண்ணைச் செயலாளர் மாமா போட்டார். அக்கா வீட்டுக்கு வருவதற்குள் ஷீலா எங்கள் வீட்டைப் பூட்டி, சாவியை அக்காவின் மகளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அன்றிலிருந்து அவள் எண் வேலை செய்யவில்லை. சடையங்குப்பத்து அறையில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். மணலி, மாதவரம், எண்ணூர் என்று தெரிந்தவர்களையெல்லாம் அனுப்பித் தேடிவிட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அன்று இங்கே கோயிலில் போனை அணைத்ததும் மார்கரெட் கேட்டார், அவள் ஏன் உள்ளே வரவில்லை என்று. “அவர்கள் விடவில்லை,” என்றேன். அவர்கள் என்று சொல்ல எனக்குக் கொஞ்சமும் நாக்குக் கூசவில்லை. மார்கரெட் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். இப்படிப்பட்டவர்களுக்கு நடுவில் நீ எவ்வளவு வேதனைப்பட்டிருப்பாய் என்றார். எஸ்தர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள். பிறகு மார்கரெட், தங்கையின் பெயர் என்ன, எப்படி எழுதவேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஜெபக் குறிப்புக்கு என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு போனால், தக்கைப் பலகையில் என் அட்டைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு அட்டை தொங்குகிறது. ஷீலா. எங்கள் சபைப் பதிவேட்டில் ஏறாத பெயர், அவளாக வைத்துக்கொண்ட பெயர், அவள் பார்த்தேயிராத ஒரு ஊரில் இருக்கிறது. எப்போது வந்தாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்றார் மார்கரெட். நன்றி சொன்னேன். அந்தக் கதவில் நின்றது நான்தான் என்று அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. ஊரில் இருக்கும் உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

திருவொற்றியூரிலோ ராயபுரத்திலோ இதைப் படிக்கிறவர்கள் யாராவது அவளைப் பார்த்தால் சொல்லுங்கள். என்ன சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை. இங்கே உனக்குப் பெயர் மாட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் சிரிப்பாள். வா என்று கூப்பிட எனக்கு அங்கே கோயில் கிடையாது, இங்கே விசா வாங்கித் தரவும் வழியில்லை. அண்ணன் தேடுகிறான் என்று மட்டும் சொல்லுங்கள். அவள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

போன ஞாயிறு வாசல் வேலை முடிந்து தாமதமாக உள்ளே போனேன். எஸ்தர் இடப்பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவளிடமிருந்து ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தை அந்த இடத்தில் வைத்தேன். எப்போதிலிருந்து இப்படிச் செய்கிறேன் என்று எனக்கே நினைவில்லை. என் பின்னாலேயே ஒருவர் வந்தார், ஊருக்குப் புதிது போலிருக்கிறது, மழையில் நனைந்திருந்தார். சற்று முன் வாசலில் நான்தான் கையைப் பிடித்து அவரை வரவேற்றிருந்தேன். தெரிந்த முகம் என்று என்னிடம் வந்து, அந்த இடத்தைக் காட்டி உட்காரலாமா என்று சைகையில் கேட்டார். நான் புத்தகத்தின்மேல் கையை வைத்து, “ஆள் வருது,” என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, மன்னிப்புக் கேட்பதுபோல் தலையசைத்துவிட்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.