கம்பெனிக்குள்ளே முதல் அடுப்பு

ஊர் ஜனம் கன்னியம்மனை வருசத்துக்கு ஒரே ஒரு நாள்தான் பார்க்கலாம். எனக்கு மட்டும் நாலைந்து நாள் கிடைக்கும். கம்பெனி லைனில் நின்று வேலை செய்துகொண்டிருக்கும்போது அபாய மணி அடிக்கும். ஒத்திகை என்று எல்லோருக்கும் தெரியும். கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு, வரிசையாக நடந்து, பெயின்ட் ஷாப்புக்குப் பின்னால் இருக்கிற திறந்த வெளியில் போய் நிற்க வேண்டும். தீப்பிடித்தால் ஆட்கள் கூட வேண்டிய இடம் என்று அங்கே ஒரு பச்சை போர்டு வைத்திருக்கிறார்கள். போர்டுக்குப் பக்கத்தில்தான் கன்னியம்மன். சூப்பர்வைசர் தலை எண்ணி முடிக்கிற வரைக்கும் நான் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒத்திகை நேரத்தில் கும்பிடலாமா கூடாதா என்று இதுவரைக்கும் நான் யாரையும் கேட்டதில்லை.

பெரியவளே, சின்னவளே, இதை உங்கள் இரண்டு பேருக்காகவும் எழுதுகிறேன். போன வருசம் ஆடியில் நடந்ததை நீங்கள் கூட இருந்து பார்த்தீர்கள். ஆனால் பார்த்தது பாதிதான். மீதிப் பாதி எனக்கே இன்னும் சரியாக விளங்கவில்லை. எழுதினாலாவது விளங்குமா பார்க்கலாம்.

வெளியூர் சொந்தக்காரர்கள் வந்தால் ஸ்ரீபெரும்புதூர் கோயிலுக்குக் கூட்டிப் போகிறோம். ஒரகடம் மேம்பாலத்தில் வண்டியை ஓரம் கட்டி, புது லாரிகள் வரிசையாகப் போவதைக் காட்டுகிறோம். நம் கன்னியம்மனை மட்டும் காட்ட முடியாது. அவள் கம்பெனி சுவருக்கு உள்ளே இருக்கிறாள். நிலம் எடுத்தபோது மற்றதை எல்லாம் சமன் பண்ணினார்கள். அம்மனாகக் கும்பிடுகிற மூன்று கல்லை மட்டும் தொடவில்லை. சுற்றி டைல்ஸ் போட்டு, முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவரும் எழுப்பினார்கள். ஆடி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பின்பக்க கேட்டைத் திறந்துவிடுவார்கள். ஊர்க்காரர்கள் ஆதார் காட்டி, விசிட்டர் பாஸ் வாங்கி, கழுத்தில் மாட்டிக்கொண்டு பொங்கல் வைத்துவிட்டு வரலாம்.

நம் ஊரில் ஏழு வகையறா. முதல் பானை வைக்கிற முறை வருசத்துக்கு ஒரு வகையறா என்று சுற்றி வரும். அந்த வீட்டு ஆள் முதல் அடுப்பைப் பற்ற வைத்த பிறகுதான் மற்றவர்கள் வைப்பார்கள். போன சுற்றில் உங்கள் தாத்தா வைத்தார். அதற்குப் பிறகு அவர் இல்லை. ஏழு வருசம் கழித்து நம் முறை வந்தது. நான் வைக்கவில்லை என்றால் முறை அடுத்த வகையறாவுக்குப் போய்விடும். நாம் இன்னும் ஏழு வருசம் காத்திருக்க வேண்டும்.

முதல் சிக்கல் பாஸில் வந்தது. ஆபீஸில் என் பெயரைக் கம்ப்யூட்டரில் அடித்தார்கள். எடுக்கவில்லை. "நீங்க எம்ப்ளாயி. எம்ப்ளாயிக்கு விசிட்டர் பாஸ் வராது" என்றார் அங்கே இருந்த அம்மா. சரி, என் ஐ.டி. கார்டிலேயே வருகிறேன் என்றேன். "ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவு. ட்யூட்டி இல்லாத ஆள் உள்ள வரக் கூடாது" என்றார். வேலைக்காரனாகவும் வர முடியாது, ஊர்க்காரனாகவும் வர முடியாது. நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அந்த அம்மா, பாவம், தண்ணீர் குடிக்கிறீங்களா என்று கேட்டார்.

சூப்பர்வைசரிடம் போய் ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. கேட்டேன்.

"திருவிழான்னா எல்லாரும் லீவு கேப்பானுங்க. நீ இன்னாடான்னா ஓ.டி. கேக்கற" என்று சிரித்தார். "அன்னிக்கு லைனே ஓடாது. ஒரே ஒரு வேலைதான் கீது. அந்தப் பொங்கலுக்கு ஃபயர் வாட்ச் ஒரு ஆள் போடணும். நீ தீ ட்ரெய்னிங் எடுத்தவன்தானே, போறியா?"

எனக்கு வாயெல்லாம் பல். உங்கள் அம்மாவிடம் வந்து, எல்லாம் சரியாயிடுச்சு என்று சொன்னேன். அங்கேதான் தப்பு பண்ணினேன். கம்பெனிக்குள்ளே நெருப்பு வைக்கிற எந்த வேலைக்கும் பர்மிட் என்று ஒரு தாள் உண்டு. ஃபயர் வாட்ச் என்றால் தீயணைக்கிற சிலிண்டரோடு அந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள். ட்ரெய்னிங்கில் இதை எல்லாம் படித்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஆனால் வெல்டிங்குக்குச் சொன்னது பொங்கலுக்கும் பொருந்தும் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் அம்மாவோடு பின் கேட்டில் வந்தீர்கள். நான் முன் கேட்டில் கார்டு தேய்த்து, யூனிஃபார்ம், ஹெல்மெட், கனமான ஷூ, கையில் சிவப்புப் பட்டை எல்லாம் போட்டுக்கொண்டு வந்தேன். அடுப்புக் கல் வைத்து, பானைக்கு மஞ்சள் கட்டி, அம்மா எல்லாம் தயாராக வைத்திருந்தாள். தீப்பெட்டியை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். சேஃப்டி ஆபீசர் கையில் ஒரே ஒரு லைட்டர். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், மரியாதை தெரிந்தவர்.

கோயில் தர்மகர்த்தா எனக்குச் சித்தப்பா முறை. "இன்னாப்பா, வேடிக்க பாத்துக்கினு கீற? வந்து ஏத்து. வெயில் ஏறுது" என்றார்.

நான் ஷூ நாடாவை அவிழ்க்கக் குனிந்தேன்.

"அண்ணாச்சி, ஷூவக் கழத்தாதீங்க" என்றார் ஆபீசர். "வாட்ச்ல நிக்கவரு தீ வைக்கக் கூடாதுல்லா. பேப்பர்லயே போட்டிருக்கு. நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

தாளைக் காட்டினார். என் கையெழுத்துதான். எனக்குப் பதிலாக நிற்க, ட்ரெய்னிங் எடுத்த இன்னொரு ஆளுக்கு அவர் போன் போட்டுப் பார்த்தார். எடுக்கவில்லை. பர்மிட் பதினோரு மணி வரைக்கும்தான். அப்போதே பத்தைத் தாண்டிவிட்டது.

அடுத்த வகையறாவில் எனக்கு மச்சான் முறை ஒருவர் உண்டு, உங்களுக்குத் தெரியும். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "மச்சான் ட்யூட்டில கீறாரு, தொந்தரவு பண்ணாதீங்கப்பா. நாங்க ஏத்திக்கறோம். அவரு அடுத்த ரவுண்டுல பாத்துக்கட்டும்."

சிலர் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் வருகிற மாதிரி இருந்தது. ஹெல்மெட் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் உங்கள் அம்மா, "நான் ஏத்தறேன்" என்றாள்.

தர்மகர்த்தா தலையை ஆட்டினார். "நீ கட்டிக்கினு வந்தவம்மா. அந்த வூட்டு ஆளுதான் ஏத்தணும். அப்டித்தான் வழக்கம்."

"பதினோரு வருசமா தெனம் காலையில ஒரு அடுப்பு பத்த வைக்கறேனே மாமா, அது எந்த வூட்டு அடுப்பு?"

பெரியவளே, நீ உடனே "நான் அந்த வூட்டு ஆளுதானே" என்று கையை நீட்டினாய். ஆபீசர், பதினெட்டு வயசு ஆகணும் என்று சொல்லிவிட்டார். பிறகு லைட்டரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பத்த வைக்கவங்க பேர நீங்கதான் எழுதிக் குடுக்கணும் அண்ணாச்சி. யாருகிட்ட குடுக்கட்டும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ட்ரெய்னிங்கில், ஆபத்து நேரத்தில் சத்தமாக, சுருக்கமாகப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் குரல்தான் வந்தது. வீட்டில் நான் அப்படிப் பேசுவதில்லை.

"அவங்ககிட்ட குடுங்க" என்று அம்மாவைக் காட்டினேன்.

தர்மகர்த்தா என் கையில் இருந்த சிவப்புப் பட்டையைப் பார்த்தார். ஆபீசரைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "கம்பெனி ரூல் போலக் கீதுப்பா. இன்னா பண்றது, ஏத்தட்டும்" என்றார்.

கம்பெனி அப்படி ஒரு ரூல் போடவில்லை. நான் வாயைத் திறந்து அதைச் சொல்லவில்லை. சொல்ல நினைத்தேனா, சொல்ல வேண்டாம் என்று நினைத்தேனா, அதுவும் ஞாபகம் இல்லை.

லைட்டர் மூன்று தடவை அடித்த பிறகு பிடித்தது. காய்ந்த ஓலை பற்றிக்கொண்டது. பானை பொங்கிக் கிழக்குப் பக்கம் வழிந்தது. எல்லோரும் கும்பிட்டார்கள். நான் ஷூவோடு, சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு, நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். சின்னவளே, நீ அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "அப்பா சாமி அடுப்ப அணைக்கவா நிக்கறாரு?" அம்மா உன் வாயில் கொஞ்சம் பொங்கலை வைத்து அடைத்துவிட்டாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா என்னைக் கேட்டாள். "ஏங்க, அவங்ககிட்ட குடுங்கன்னு சொன்னீங்களே, அத வாட்ச்சா சொன்னீங்களா, என் வூட்டுக்காரரா சொன்னீங்களா?"

"தெரியலையே" என்றேன்.

"அது எப்டிங்க தெரியாம போகும்?"

நிஜமாகவே தெரியவில்லை. புருசனாகச் சொல்லியிருந்தால் ஊர் கேட்டிருக்காது. வாட்ச்சாகச் சொல்லியிருந்தால், முறை நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று வாட்ச் எதற்கு நினைக்க வேண்டும்? இரண்டும் ஒரே வாயில் வந்துவிட்டது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இந்த வருசம் ஆடியில் மச்சான் வகையறா முறை. என்னைத்தான் திரும்பவும் ஃபயர் வாட்ச் போட்டார்கள். மச்சான் லைட்டருக்குக் கையை நீட்டினார். தர்மகர்த்தா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"ஏய், உன் பொண்டாட்டியக் கூப்புடு. முதல் அடுப்ப வூட்டுப் பொம்பளதான் ஏத்தணும், கம்பெனி ரூல் தெரியாதா உனக்கு?"

மச்சான் என் பக்கம் திரும்பினார். "அப்டியா மச்சான்?"

ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். நான் சிலிண்டரில் அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்த்தேன். பச்சையில்தான் இருந்தது. அதற்குள் மச்சான் சம்சாரம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. பெரியவளே, நீ பக்கத்தில் இருந்த பெண்ணிடம், இது எப்பவுமே பொம்பளைங்க ஏத்தறதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தாய்.

எப்பவும் இல்லை கண்ணு. போன வருசத்திலிருந்துதான். அதை நீங்கள் இரண்டு பேராவது தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நான் செய்தது நல்லதா, ஊரை ஏமாற்றியதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தர்மகர்த்தாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "சொல்லிட்டு வூட்டுக்கு வராதீங்க" என்றாள். அவளுக்கு இதில் குழப்பமே இல்லை.

போன வாரம் கம்பெனி பஸ்ஸில் மூன்றாவது வகையறாக்காரர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அடுத்த ஆடி அவர்கள் முறை. அந்த வீட்டில் மூன்று மருமகள்கள், ஒருத்திக்கு ஒருத்தி பேச்சு கிடையாது.

"ஏம்பா, ரூல்ல இன்னா போட்டுக்கீது? பெரியவ ஏத்தணுமா, சின்னவ ஏத்தணுமா?" என்று கேட்டார். "நீ சொல்லிட்டா வூட்ல சண்ட இல்ல பாரு."

பேப்பரைப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.