தளராத தாடை

யுத்த காலத்தில் மயிலாப்பூரில் ஒரு தையற்கடைக்காரர் சாயங்காலங்களில் மெஸ்மரிசம் சொல்லிக் கொடுத்தார். என்னைவிட வயதில் சின்னவர். என் மனைவிக்கு ஒற்றைத் தலைவலி. வந்தால் மூன்று நாள் எழுந்திருக்க மாட்டாள். அதைக் கையாலேயே இறக்கும் சக்தி வேண்டும் என்றுதான் போய்ச் சேர்ந்தேன். அவரோ ஒன்றரை மாதமாக என்னைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, "கால் கட்டைவிரல் தளரட்டும், முழங்கால் தளரட்டும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

"கைக்கு எப்போ வருவீங்க?" என்று கேட்டேன்.

"உடம்பு தளராம கையில சக்தி எறங்காது நைனா. உங்க தாடையே இன்னும் இறுகிக்கினு கீது" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! வீட்டில் ஒருத்தி வலியில் சுருண்டு கிடக்கிறாள், இவர் என் தாடையைப் பார்க்கிறாராம்!

விடுவிடுவென்று வீட்டுக்கு வந்தேன். அவரிடம் கற்கும் மற்றவர்கள் செய்யப் பார்த்தபடி, அவள் நெற்றிக்கு மேலே இரண்டு கைகளையும் தொடாமல் மேலிருந்து கீழே இறக்கினேன். பத்துத் தடவைகூட ஆகவில்லை, அவள் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"யாரை அடிக்க இப்படி ஓங்கிக்கினு வர்றே? நீ பல்லைக் கடிக்கிற சத்தம் என் தலையில இடிக்குது. அந்தாண்ட போய்யா!"

தையற்கடைக்காரர் சொன்னது சரியாகிப் போனதில்தான் எனக்கு ஆத்திரம் இரட்டித்தது. அவளுக்குப் பக்கத்திலேயே தரையில் படுத்து, அவரைத் திட்டிக்கொண்டே கால் கட்டைவிரலைத் தளர்த்த ஆரம்பித்தேன்.