இலக்கம் கேட்டேன், மூச்சைத் தந்தார்

ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் சபை முன் எழும்பி நிற்கிறேன். ஆனால் என் கோபம் இன்னும் ஆறவில்லை. அதை மறைத்துக்கொண்டு சாட்சி சொன்னால் அது பொய்ச் சாட்சியாகிவிடும்.

நம் மாவட்டத்தில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். பெயர் வேண்டாம். குறிஞ்சாக்கேணிப் பக்கத்துக் களப்பில், அந்தக் கடலோர உப்பேரியில், எடுக்கும் மட்டிச் சிப்பி சில காலங்களில் ஏன் நஞ்சாகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி தண்ணீரில் பெருகும்போது மட்டி அதைத் தின்று நஞ்சைச் சேர்த்துக்கொள்ளும். அவித்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு முதலில் உதடு, நம் பேச்சில் சொண்டு, விறைக்கும், பிறகு கை கால், கடைசியில் மூச்சு நிற்கும். வருடக்கணக்காகச் சேற்றில் இறங்கி இதைக் கண்டுபிடித்து, இலங்கையிலேயே வெளிவரும் ஒரு சிறிய சஞ்சிகையில் எழுதினேன். நம் டொக்டர்மார் வாசிக்கட்டும் என்றுதான் அங்கே கொடுத்தேன்.

நிரந்தரப் பதவிக்கான நேர்முகத் தேர்வில் ஒருவர்கூட அந்தக் கட்டுரையைத் திறக்கவில்லை. "இந்தச் சஞ்சிகைக்கு இம்பாக்ட் ஃபாக்டர் எவ்வளவு?" என்றார் தலைவர். ஒரு சஞ்சிகையின் கட்டுரைகளை மற்றக் கட்டுரைகள் எத்தனை தரம் மேற்கோள் காட்டுகின்றன என்ற கணக்கு அது. உள்ளே எழுதியிருப்பது சரியா பிழையா என்று அது சொல்லாது. என் சஞ்சிகைக்கு அப்படி ஓர் இலக்கமே இல்லை. பதவி வேறொருவருக்குப் போனது. அதோடு விட்டார்களா? இலக்கம் தராத வேலைக்கு வள்ளம் எதற்கு என்று களப்புக்குப் போவதையும் நிறுத்தினார்கள். மட்டி எடுப்பவர்களுக்கு நான் அனுப்பிவந்த எச்சரிக்கையும் நின்றது.

அன்றிலிருந்து என் ஜெபம் ஒன்றுதான்: ஆண்டவரே, ஒரு பெரிய சஞ்சிகை, ஒரு பெரிய இலக்கம். பெண்கள் ஜெபக் கூட்டத்திலும் சொன்னேன். அங்கே மேரி அக்கா கேட்டார்:

"பிள்ளை, உங்கட நம்பர் ஏறவோ இறங்கவோ ஜெபிக்கிறது? சுகர் வருத்தமெண்டால் இறங்கத்தான் நாங்கள் கேக்கிறனாங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. ஏறவே கேட்டோம், உபவாசம் இருந்தும் கேட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. சபைக்கு வருவதையே விட்டேன். ஏன் வரவில்லை என்று உங்களில் எத்தனை பேர் கேட்டீர்கள் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

போன வருடம் ஒரு விடுமுறை நாள். என் கணவர் ராஜன் சீனன்குடாவில் தன்னோடு வேலை செய்பவரின் குறிஞ்சாக்கேணி வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போனார். பின்னேரம் திரும்பி வந்து வாசலில் நின்றார்.

"இஞ்சேரும், சொண்டு விறைக்குது."

"மட்டி சாப்பிட்டனீங்களோ?"

"ஓம். நீர் எச்சரிக்கை ஒண்டும் அனுப்பேல்லத்தானே, அப்ப பயமில்லை எண்டு சமைச்சிருக்கினம். முகத்துக்கு நேரே வேண்டாமெண்டு சொல்ல ஏலாமப் போச்சு."

விருந்தாளி என்று இவருக்குத்தான் அள்ளிப் போட்டிருந்தார்கள். சமைத்த வீட்டாருக்கு வாய் விறைத்ததோடு போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் ராஜனுக்குக் கால் தள்ளாடியது. நான் சொன்னதை முதலில் யாரும் காதில் வாங்கவில்லை. "பதறாமல் கதிரையில இருங்கோ அம்மா" என்றார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன்: ஆண்டவரே, இலக்கம் வேண்டாம், இந்த மனுசனைத் தாரும்.

அப்போதுதான் ஓர் இளம் டொக்டர் வந்தார். மூதூர்க்காரி. மட்டி என்ற சொல்லைக் கேட்டதும் ஓடினார்.

"எங்கட களப்பைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கு, படிக்கிற காலத்தில வாசிச்சனான். மூச்சு நிக்க முதல் மெஷின்ல போட வேணும். நஞ்சு இறங்கும் மட்டும் மெஷின் மூச்சு விடட்டும்."

அது நான் எழுதியது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. மறுநாள் ராஜன் தானாக மூச்சு விட்டார்.

பிறகு மறுபடியும் நேர்முகத் தேர்வு. அதே தலைவர், அதே கேள்வி. "ஒரு டொக்டர் அதை வாசிச்சு என்ர மனுசனைக் காப்பாத்தினவ. மனுசன் வெளியில நிக்கிறார், கூப்பிடவோ?" என்றேன்.

"சந்தோஷம். ஆனால் அந்த டொக்டர் அதை எந்தச் சஞ்சிகையிலயாவது மேற்கோள் காட்டினவவோ?"

பதவி கிடைக்கவில்லை. உயிர் பிழைத்தது அவர்களுடைய கணக்கில் சேராதாம். இப்போது நகரத்தில் ஒரு டியூட்டரியில் டியூஷன் படிப்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் மட்டி எடுக்கும் பெண்களின் வள்ளத்திலேயே களப்புக்குப் போகிறேன். எச்சரிக்கை மறுபடியும் போகிறது. சபைக்கும் வந்துவிட்டேன்.

என்னைப் போல் ஒதுக்கப்பட்டவர்கள் இங்கே இருப்பீர்கள். நம்பிக் கேளுங்கள். ஆனால் ஆண்டவர் எதை வைத்து அளக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவர் எனக்குத் தந்த பதிலைப் பார்க்க வேண்டுமென்றால் கடைசி வரிசை வாங்கைத் திரும்பிப் பாருங்கள். நான் இவ்வளவு உருகிச் சொல்லியும் ராஜன் தூங்கிவிட்டிருப்பார், குறட்டையும் விடுவார். அந்தக் குறட்டைக்காக என் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.