தாண்டிப் போன கை

என் மனைவிக்கு ஒரு சர்ச் தேடி ஏழு மாதம் அலைந்தேன். நான் சாமி கும்பிடுகிற ஆள். விபூதி வைக்காமல் கம்பெனி பஸ்ஸில் ஏறியதில்லை. உனக்கு ஏன்டா இந்த வேலை என்று கேட்காதவர்கள் இல்லை. அவளுக்கு சர்ச் இல்லாமல் போனது என்னைக் கட்டிக்கொண்டதால். அப்படியானால் தேட வேண்டியவன் நான்தானே? இதுகூடவா புரியாது?

அவள் சித்தூர்க்காரி. அங்கே ஒரு பழைய மிஷன் சர்ச்சில், தமிழ் ஆராதனையில் வளர்ந்தவள். நான் நகரிக்குப் பக்கத்து கிராமம். நெல்லும் கரும்பும் போடுகிற வீடு. இரண்டு வீட்டிலும் சண்டை போட்டுவிட்டு ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டோம். பிறகு என் அம்மா அழுததற்காக மஞ்சள் கயிற்றில் தாலி கட்டினேன். திருப்பதியில் வாடகை வீடு பிடித்துக் குடும்பம் தொடங்கினோம்.

கல்யாணமான மறு மாதம், முதல் ஞாயிறு, அவள் சித்தூருக்குப் போனாள். மாதத்தின் முதல் ஞாயிறில்தான் அந்த சர்ச்சில் திருவிருந்து. எல்லாரும் முன்னால் போய் மரக் கிராதி ஓரமாக வரிசையாக முட்டி போடுவார்கள். ஐயர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு அப்பம் வைத்துக்கொண்டே போவார். பாஸ்டரை அங்கே ஐயர் என்றுதான் சொல்வது. இவளும் கையை நீட்டிக்கொண்டு முட்டி போட்டிருந்தாள். ஐயர் இவளுக்கு இடப்பக்கம் இருந்தவருக்குக் கொடுத்தார். இவளைத் தாண்டினார். வலப்பக்கம் இருந்தவருக்குக் கொடுத்தார். மதத்துக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு அங்கே அதுதான் தண்டனையாம். செய்தது தப்பு என்று எழுதிக் கொடுத்து, சபைக்கு முன்னால் நின்று படித்தால் மறுபடி சேர்த்துக்கொள்வார்களாம். இவள் எழுத மாட்டேன் என்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் எந்த சர்ச்சுக்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் துணி துவைப்பாள். வீட்டில் மெஷின் இருக்கிறது. மற்ற நாளில் மெஷினில்தான் போடுவாள். ஞாயிறு மட்டும் கல்லில் அடித்துத் துவைப்பாள். எங்கள் மகளுக்கு ஐந்து வயதானபோது ஒரு நாள் கேட்டாள்: "ஏம்மா, ஞாயித்துக்கெழம மட்டும் துணிய போட்டு அடிக்கிற? அது இன்னா பண்ணுச்சு?"

அன்றைக்கு முடிவு செய்தேன். இவள் கையில் அந்த அப்பத்தை யாராவது வைக்க வேண்டும். எந்த சர்ச்சாக இருந்தாலும் சரி.

நான் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறேன். ஒரு பொருள் வந்தால் அதற்கு ஒரு தாள் உண்டு. தாளில் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் டிக், இல்லை கிராஸ். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். மகளுடைய பழைய நோட்டில் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டேன். தாலியைக் கழற்றச் சொல்வார்களா? நானும் மாற வேண்டுமா? குழந்தையை என்ன செய்யச் சொல்வார்கள்? தமிழா, தெலுங்கா? அப்பம் எப்போது தருவார்கள்?

முதலில் போனது ரேணிகுண்டா ரோட்டில் ஷீட் போட்ட ஒரு பெந்தெகொஸ்தே சபை. பாஸ்டர் வீடு பக்கத்திலேயே. ஒருவர் வீட்டுக்கு முதல்முறை போகும்போது வெறும் கையோடு போகக்கூடாது என்று லட்டு வாங்கிக்கொண்டு போனேன். ஆமாம், மலை லட்டு. சிரிக்காதீர்கள். திருப்பதியில் இருக்கிறவன் வேறு என்ன எடுத்துப்போவான்? மேனேஜர் வீட்டுக்கு லட்டு, டாக்டருக்கு லட்டு, மகள் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டருக்கு லட்டு. கை அப்படிப் பழகிவிட்டது.

பாஸ்டருடைய மனைவி பையை வாங்கி, உள்ளே பார்த்து, அப்படியே வாசலில் நின்றுவிட்டார். உள்ளே கொண்டுபோகவும் முடியவில்லை, என்னிடம் திருப்பித் தரவும் முடியவில்லை.

"பிரதர், தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் பாஸ்டர். "படைச்சது எங்களுக்கு ஆகாது."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. "நேத்துதான் வந்துதுங்க. ஃப்ரெஷ்ஷா இருக்கும்," என்றேன்.

அவர் நல்ல மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். என் அம்மாவுக்கு முட்டிவலி என்று சொன்னதும் கண்ணை மூடி ஜெபம் செய்தார். அடுத்த வாரம் போன் செய்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். என் சொந்தத் தம்பி கேட்கவில்லை. ஆனால் விஷயத்துக்கு வந்தபோது, என் மனைவி சின்னக் குழந்தையில் வாங்கிய ஞானஸ்நானம் செல்லாது, மறுபடி தண்ணீரில் முழுகி எழ வேண்டும், அதற்கு முன்னால் கம்மல், தாலி எல்லாம் கழற்ற வேண்டும் என்றார். அப்புறம்தான் அப்பம். "நீங்களும் வந்துடுவீங்க பிரதர். எனக்கு விசுவாசம் இருக்கு." எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "லட்டா? பாஸ்டரு ஊட்டுக்கு லட்டு எடுத்துக்கினு போனியா? அடப்பாவி!" நான் சபையைப் பற்றிச் சொன்ன எதையும் அவள் கேட்டுக்கொள்ளவில்லை. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அடுத்தது ஒரு பாப்டிஸ்ட் சபை. சத்தம் இல்லை, நாற்காலி ஒழுங்கு, நேரத்துக்கு ஆரம்பித்தார்கள். அங்கேயும் முழுகத்தான் வேண்டும். எல்லாம் தெலுங்கு. அவள் பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கத் தெலுங்கில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள்தான். ஆனால் ஜெபம் தமிழில்தான் வரும் என்பாள். கிராஸ் போட்டேன்.

மூன்றாவது கத்தோலிக்கக் கோயில். மகளையும் கூட்டிப் போனேன். என் அம்மா வேண்டுதல் என்று சொல்லி அந்த மாதம்தான் அவளுக்கு மொட்டை போட்டிருந்தாள். தலையில் சந்தனம் இன்னும் திட்டுத்திட்டாக இருந்தது. ஃபாதர் தமிழர். அவள் தலையைத் தடவி, "இன்னாமா, வேளாங்கண்ணி போய்வந்தியா?" என்றார்.

"இல்ல. திருமல," என்றாள் மகள், என்னைக் காட்டி. "நைனாவும் போட்டுக்கறேன்னாரு. அப்பறம் ஏமாத்திட்டாரு."

ஃபாதர் சத்தமாகச் சிரித்தார். அவர் சொன்னதில் பாதி எனக்குப் பிடித்திருந்தது. நான் மாற வேண்டியதில்லை. தாலி இருக்கலாம், பொட்டு இருக்கலாம். ஆனால் கல்யாணத்தை அவர்கள் முறைப்படி சரிசெய்ய வேண்டும், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், மனைவி சில மாதம் படித்து அவர்கள் சபையில் சேர வேண்டும். அதற்கப்புறம் நற்கருணை. அப்பத்துக்கு அங்கே அந்தப் பெயர். எண்ணிப் பார்த்தால் டிக்தான் அதிகம்.

மூன்று இடத்திலும் ஒன்றைக் கவனித்தேன். யாருமே அவளைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் என்ன பாடுவாள், எதற்கு ஜெபிப்பாள், ஒன்றும் இல்லை. கேட்டதெல்லாம் என்னைப் பற்றி. ஓர் இடத்தில் நான் எப்போது வருவேன், இன்னோர் இடத்தில் என் பிள்ளை எப்போது வருவாள், நான் கட்டிய தாலி எப்போது கழலும். எனக்கு ரத்தம் கொதித்தது.

இருந்தாலும் அன்று சாயங்காலம் நோட்டை அவள் முன்னால் வைத்து, கத்தோலிக்கக் கோயில் வரியைக் காட்டினேன். "முடிவு பண்ணிட்டேன். இதுதான்."

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஈரக் கையோடு நோட்டைத் திருப்பிப் பார்த்தாள். "இதுல நான் எந்தக் கட்டத்துல இருக்கறேன்?"

"இன்னாது?"

"ஏழு மாசமா சுத்திக்கினு கிடக்கற. எந்த சர்ச்சு வேணும்னு என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. அவர்கள் யாரும் அவளைக் கேட்கவில்லை என்று நான் கொதித்துக்கொண்டிருந்தேன். நானும்தான் கேட்கவில்லை.

"எனக்கு வேற எடத்துல அப்பம் வேணாம்பா. அந்தக் கிராதில, அதே எடத்துல வேணும்."

"அவன்தான் உன்ன தாண்டினு போனானே!" என்று கத்தினேன். "ஒரு மனுசி கைய நீட்டினு இருக்கும்போது எவன்னா தாண்டினு போவானா?"

"உங்க சித்தப்பா போனாரு."

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். கல்யாணமாகி இரண்டாவது வருடம், எங்கள் ஊர் ஜாத்திரை. மருமகள்கள் எல்லாரும் மாவிளக்குத் தட்டு ஏந்திக் கோயிலுக்குப் போக வரிசையாக நின்றார்கள். சித்தப்பா ஒவ்வொருத்தியிடமும் தட்டைக் கொடுத்துக்கொண்டு வந்தார். இவளும் வரிசையில் கை நீட்டி நின்றிருந்தாள். சித்தப்பா இவளைத் தாண்டி, அடுத்து நின்ற என் தம்பி மனைவியிடம் கொடுத்தார்.

"அப்ப நீ எங்க இருந்த?" என்றாள்.

எதிரிலேயே இருந்தேன். செல்லில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். தட்டு அவளைத் தாண்டுகிற இடத்தில் என் குரல் கேட்கிறது: "கொஞ்சம் தள்ளி நில்லு, வெளக்கு தெரியல." அவளிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

"எனக்கு அந்தத் தட்டு மேல ஆச ஒண்ணும் இல்ல," என்றாள். "ஆனா நின்னேன் இல்ல?"

நோட்டில் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

அடுத்த முதல் ஞாயிறு மூன்று பேரும் சித்தூர் பஸ் ஏறினோம். பழைய ஐயர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் சின்ன வயசு. ஆராதனைக்கு முன்னால் அவரிடம் போய் நின்றோம். கடிதம் பற்றி அவரும் ஆரம்பித்தார். "ஒரு வரி எழுதுனா போதும்மா. கமிட்டி ஒத்துக்கும்."

"கட்டிக்கினது தப்புன்னு எழுதணுமா?" என்றாள். "இவரு கூட சண்ட போடும்போது எவ்வளவோ தடவ சொல்லியிருக்கறேன். எழுதித் தரமாட்டேன்."

ஐயருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் தலையை ஆட்டினார். கமிட்டி, கமிட்டி என்றார்.

திருவிருந்து நேரம் வந்தது. அவள் எழுந்து போனாள். மகளை பெஞ்சில் ஒரு அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் போய்ப் பக்கத்தில் முட்டி போட்டேன். எனக்கு அப்பம் வேண்டாம். தாண்டுவதென்றால் இரண்டு பேரையும் தாண்டட்டும் என்றுதான் போனேன்.

எனக்கு அந்த சர்ச் வழக்கம் தெரியாது. ஞானஸ்நானம் வாங்காதவர்கள் வந்து முட்டி போட்டால், தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பார்களாம். ஐயர் அவளுக்கு இடப்பக்கம் இருந்தவருக்கு அப்பம் கொடுத்தார். அவளிடம் ஒரு நொடி நின்றார். தாண்டினார். என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். விபூதி வைத்த தலை. எனக்கு ஆசீர்வாதம். பிறந்ததிலிருந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு ஒன்றும் இல்லை.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அந்தக் கையை எடுத்து அவள் தலைமேல் வைத்தேன். அவர் கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை. உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. பிறகு அடுத்தவரிடம் போனார்.

திரும்புகிற பஸ் பாகாலாவைத் தாண்டியது. மகள் அவள் மடியில் தூங்கிவிட்டாள்.

"உன்ன யாரு அத செய்யச் சொன்னது?" என்றாள் மனைவி.

"பின்ன இன்னா பண்றது? பாத்துக்கினு இருக்கச் சொல்றியா?"

"ஆமா. பாத்துக்கினு இரு. வீடியோ எடுக்காம, பாத்துக்கினு இரு. அடுத்த மாசம் நான் போய் முட்டி போடுவேன். அதுக்கு அடுத்த மாசமும் போடுவேன். அவரே கொடுக்கணும். நீ பிடிச்சு வெச்ச கை எனக்கு எதுக்கு?"

சரி என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சும்மா உட்கார என்னால் ஆகுமா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு முதல் ஞாயிறு போய்விட்டது. இரண்டிலும் தாண்டினார். இரண்டாவது முறை அவள் முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றார் என்கிறாள். நான் பின் பெஞ்சில், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கமிட்டி இன்னும் கூடவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை துணி இப்போது மெஷினில் ஓடுகிறது.