மாமாவின் கள்ள றெக்கோட்டுகள்

மாமா சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகளுக்கு அப்பா வைத்த பெயர் ‘கள்ள றெக்கோட்’. அது எங்கள் வீட்டில் அப்படியே நிலைத்துவிட்டது. அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அம்மா, “இந்தக் கள்ள றெக்கோட்டுகளால ஒரு அரிசி மூட்டை வைக்க இடமில்லாமல் கிடக்கு” என்று சலித்துக்கொள்வார். மாமா அம்மாவின் தம்பி. மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் மாடி வீட்டில் வரவேற்பறைச் சோபாதான் அவருக்குப் படுக்கை. உடுப்பு வைக்கக் கொடுத்த அலுமாரியில் அவர் இசைத்தட்டுகளை அடுக்கிவிட்டு, உடுப்பைச் சூட்கேசுக்குள்ளேயே வைத்திருந்தார்.

கள்ளம் என்று அப்பா சொன்னதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஒரு பாட்டு வானொலியில் பிடித்துக்கொண்டால், சின்னக் கம்பனிகள் உடனே வேறு யாரையாவது கூப்பிட்டு, அதே பாட்டை அதே மாதிரிப் பாடவைத்து, மலிவு விலைக்கு இசைத்தட்டாகப் போடுமாம். பலசரக்குக் கடைகளில் சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் வைத்து விற்பார்களாம். அட்டையில் யாரோ ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கும் பாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இராது. பாட்டைப் பிரபலமாக்கிய பெரிய பாட்டுக்காரியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். ‘இவர் பாடிப் புகழ்பெற்ற பாடல்கள்’ என்ற விளக்கம் மட்டும் எறும்பு ஊர்ந்த மாதிரிச் சின்ன எழுத்தில் இருக்கும். தட்டில் உண்மையாகவே பாடியவரின் பெயரை எங்கே தேடினாலும் கிடைக்காது.

மாமாவும் முதலில் ஏமாந்துதான் வாங்கினார். செயின்ட்-மிஷேல் பழைய சாமான் சந்தையில் இசைத்தட்டு விற்ற கியூபெக்காரர், மனம் பொறுக்காமல் அடுத்த கிழமை அவரே கூப்பிட்டு, நீங்கள் வாங்கியது அசல் இல்லை என்று சொன்னார். வேறு ஆளாக இருந்தால் சண்டை பிடித்திருப்பார். மாமா, இதே மாதிரி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். கேட்டது மாமா என்றாலும் வாய் என்னுடையது. அப்போது எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் எல்லாமே பிரெஞ்சில்தான். மாமாவோ உணவகத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பொன்ஜூர், மெர்சி என்ற இரண்டையும் வைத்தே காலத்தை ஓட்டிவந்தார். அதனால் அவருடைய ஞாயிற்றுக்கிழமை அலுவல்களுக்கெல்லாம் நான்தான் மொழிபெயர்ப்பாளர். அவர் சொல்வதில் ஒரு சொல்லைக்கூட விடக்கூடாது, எதிராளி சொல்வதிலும் விடக்கூடாது என்று எனக்குச் சட்டம் போட்டிருந்தார்.

சந்தைக்காரர் என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேசைக்குக் கீழே கிடந்த பெட்டியை இழுத்து விட்டார். யாரும் சீண்டாத தட்டுகள் அதற்குள் நிறைய இருந்தன.

அப்படி வந்து சேர்ந்தவற்றுக்குள்தான் மாமா அந்தக் குரலைக் கண்டுபிடித்தார். ஒரு தட்டில் அது ஒரு பெரிய பாட்டுக்காரியைப் போலப் பாடும், இன்னொன்றில் வேறொருத்தியைப் போலப் பாடும். ஆனால் பாட்டு மேலே ஏறுகிற இடம் வந்தால், ஏறுவதற்கு முன்னால் கண் இமைக்கிற நேரம் நிற்கும். படியில் கால் வைப்பதற்கு முன் சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி என்பார் மாமா. அம்மாவுக்கு அது கேட்கவில்லை. அப்பாவுக்குக் கேட்க விருப்பமில்லை. எனக்கும் முதலில் பிடிபடவில்லைதான். மாமா ஊசியைத் தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைத்து, “இப்ப... இந்தா இப்ப... கேட்டியோ பிள்ளை?” என்று கையை உயர்த்திக்கொண்டே இருந்தார். ஒருநாள் கேட்டுவிட்டது. ஒரு தரம் கேட்டபிறகு எந்தத் தட்டைப் போட்டாலும் அந்த நிறுத்தத்துக்காக என் காது காத்துக்கொண்டிருக்கத் தொடங்கியது.

அதோடு மாமாவுக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. இந்தக் குரல் யாருடையது என்று தெரிந்தாகவேண்டும். அவளுடைய பெயரை அவள் கையாலேயே அட்டையில் எழுதி வாங்கியாகவேண்டும்.

“இவ்வளவு வடிவாப் பாடிப்போட்டு ஒரு மனிசி பேரில்லாமல் போறதோ? அநியாயமெல்லோ” என்றார்.

“மச்சான், முதல்ல உம்மட பேரைச் சிற்றிசன் பேப்பரில போடுற அலுவலைப் பாரும்” என்றார் அப்பா.

மாமா ஒன்றை நினைத்துவிட்டால் பிறகு அவரோடு கதைத்துப் பயனில்லை. மழையோ பனியோ, ஞாயிறு தோறும் சந்தைக்குப் போய் நின்று அதே கேள்வியைக் கேட்பார். நானும் அதே கேள்வியை அதே பிரெஞ்சில் சொல்வேன். எங்களைத் தூரத்தில் கண்டாலே சந்தைக்காரர் இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிடுவார். எங்கள் தொல்லை தாங்காமல்தான் அவர் விசாரிக்கத் தொடங்கியிருக்கவேண்டும். அந்தத் தட்டுகள் அமெரிக்காவில் செய்தவை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். எல்லாம் இதே மொன்றியலில், நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு நிலவறையில் பாடிப் பதிந்தவையாம். பாடிய பெண் இன்னும் இருக்கிறாராம், ரோஸ்மொனில் முதியோர் இல்லமொன்றில். சந்தைக்காரர் பெயரைச் சொன்னார். தொலைபேசியில் அந்த அம்மாவிடம் கேட்டு, வருகிற ஞாயிறு வரலாம் என்று அனுமதியும் வாங்கித் தந்தார்.

“பேர்தான் தெரிஞ்சிட்டுதே, பிறகேன் போறியள்?” என்று அம்மா கேட்டார்.

“ஆரோ சொன்ன பேர் என்னத்துக்கு அக்கா? அவா தன்ர கையால எழுதவேணும்” என்றார் மாமா.

இந்த விவகாரத்தை அம்மா முழுமனதாக எதிர்த்து வந்தவர். ஆனாலும் ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போவதாவது என்று காலையிலேயே எழும்பி மீன் ரோல்ஸ் பொரித்துக் கட்டித் தந்தார். மாமா சட்டைக்கு இஸ்திரி போட்டு, அப்பாவின் கழுத்துப்பட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு கையில் பெட்டி மாதிரி மூடித் தூக்குகிற பழைய றெக்கோட் பிளேயர், மற்றக் கையில் துவாயில் சுற்றிய இசைத்தட்டு. முழங்கால் உயரப் பனியில் பஸ்ஸுக்கு நடந்தோம். வழுக்கி விழப் போனபோதுகூட அவர் தட்டைத்தான் மேலே தூக்கிப் பிடித்தார். நான் ரோல்ஸைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த அம்மா கூடத்தில் ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உருவம், உதட்டுச் சாயம், கழுத்தில் ஒரு பட்டுத் துண்டு. மாமா கை கூப்பினார். அந்த அம்மா கையை நீட்டினார். மாமா கூப்பிய கையைப் பிரித்து நீட்டுவதற்குள் அவர் கை கூப்பிவிட்டார். நான் ரோல்ஸ் பெட்டியைக் கொடுத்தேன். மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, மீண்டும் மூடித் தன் மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

மாமா தட்டைப் போட்டார். பாட்டு முடியும்வரை அந்த அம்மா கண்ணை மூடியே இருந்தார். விரல் மட்டும் கதிரைக் கையில் தாளம் போட்டது. மேலே ஏறுகிற இடத்துக்கு முன்னால் அந்த நிறுத்தம் வந்தது. நானும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பாட்டு முடிந்ததும் அவர் கண்ணைத் திறந்து, அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்த அமெரிக்கப் பாட்டுக்காரியின் பெயரைச் சொன்னார். “அவளேதான், இல்லையா?” என்று புன்னகைத்தார்.

“இல்லை எண்டு சொல்லு பிள்ளை” என்றார் மாமா அவசரமாக. “அது நீங்கள்தான். ஆயிரம் பேர் பாடினாலும் உங்கட குரலை நான் பிடிச்சிடுவன். மேல போக முதல் ஒருக்கா நிக்கிறியள், அது பெரிய பாட்டுக்காரியிட்ட இல்லை, உங்களிட்ட மட்டும்தான் இருக்கு. சொல்லு.”

நான் ஒன்றையும் விடாமல் சொன்னேன். நல்ல செய்தி சொல்கிறோம் என்ற எண்ணத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அந்த அம்மாவின் முகம் சுருங்கிப் போய்விட்டது.

பாடுகிற அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி உட்கார்ந்திருப்பாராம். பாடி முடித்ததும் அசலையும் இவர் பாடியதையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பாராம். எது அசல் என்று அவருக்குத் தெரியாமல் போனால்தான் பாட்டுச் சரி. தெரிந்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து பாடவேண்டும். “என் பாட்டை அவர் ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை” என்றார் அந்த அம்மா. “இத்தனை வருடத்துக்குப் பிறகு, இந்தப் பனியில் உன் மாமா பிழை பிடிக்கவா வந்தார்?”

அதைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சட்டம் சட்டம்தான். சொன்னேன்.

மாமா என்னைப் பார்க்காமல் அந்த அம்மாவைப் பார்த்தே தமிழில் பேசத் தொடங்கினார். “நானும் பாடினனான். ஊரில கோயில் திருவிழாவளில, இசைக்குழுவில. சனம் கண்ணை மூடிக் கேட்டிட்டு, சினிமாவில பாடினவரே வந்து பாடின மாதிரிக் கிடக்கு எண்டு சொல்லும். அவரை மாதிரி, இவரை மாதிரி. நீ பாடினனி எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. உங்களுக்கெண்டாலும் ஆராவது வந்து சொல்லவேணும் எண்டு நினைச்சன்.”

மாமா பாடுகிறவர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டில் அவர் ஒரு பாட்டை முணுமுணுத்ததுகூட இல்லை. ஆச்சரியத்தில் இரண்டு இடத்தில் தடக்கினாலும் முழுவதையும் சொல்லி முடித்தேன்.

கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாவின் முகம் இளகியது. “கை தட்டினார்களா?” என்று கேட்டார்.

“தட்டினவை. எழும்பி நிண்டு தட்டினவை.”

“அப்படியென்றால் பிறகு என்ன?” என்றார்.

அதையும் நான் ஒரு சொல் விடாமல் மாமாவிடம் சொன்னேன்.

ஆனாலும் மாமா இலேசில் விடுகிற ஆளா? சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அட்டையோடு சேர்த்து அவர் முன்னால் நீட்டினார். “உங்கட பேர் மட்டும்” என்றார். அந்த அம்மா அட்டையை ரோல்ஸ் பெட்டியின்மேல் வைத்து, என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு, ஒரே இழுப்பில் எழுதினார்.

நான் எட்டிப் பார்த்தேன். அவருடைய பெயர் அதில் இல்லை. அமெரிக்கப் பாட்டுக்காரியின் பெயர்தான் இருந்தது. சந்தையில் அசல் தட்டுகளின் அட்டைகளில் அச்சாகியிருக்கும் அந்தக் கையெழுத்தை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். முதலெழுத்தின் உயரம், கடைசியில் சுழித்து இழுத்த வால், எல்லாம் அப்படியே அச்சொட்டாக இருந்தது.

மாமா அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தான் இருந்த கதிரையை விட்டு எழுந்து, அட்டையை அதில் வைத்துவிட்டு நின்றார். அந்த அமைதியான கூடத்தில், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த கிழவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, பலமாகக் கை தட்டினார். அந்த அம்மா கதிரையிலிருந்தபடியே, மேடையில் நிற்பவர்களைப் போலத் தலையைச் சற்றுத் தாழ்த்தி நிமிர்த்தினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பொய் எழுதித் தந்தவருக்கு எதற்காகக் கை தட்டவேண்டும் என்று மாமாவின் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அட்டையை வாங்கிப் பார்த்தார். “கள்ள றெக்கோட்டில கள்ளக் கையெழுத்து. இப்பதான் மச்சான் பொருத்தமாக் கிடக்கு” என்று விழுந்து விழுந்து சிரித்தார். மாமாவும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமை அலைந்தது இதற்காகவா? மாமா விட்டுவிட்டார், நான் விடுவதாக இல்லை. மறுநாள் அவர் வேலைக்குப் போனபின் அலுமாரியைத் திறந்து, அந்தக் கையெழுத்துக்குக் கீழே சந்தைக்காரர் சொன்ன உண்மையான பெயரைப் பென்சிலால் எழுதினேன். போதாது என்று பட்டதால் பக்கத்தில் தமிழிலும் எழுதினேன்.

அடுத்த காலையே மாமா அதைக் கண்டுவிட்டார். ஏசவில்லை. என் அழிறப்பரைக் கேட்டு வாங்கினார். அட்டையை மேசையில் வைத்து, ஓரத்தை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கடதாசி உரிந்துவிடாமல் முதலில் தமிழ், பிறகு பிரெஞ்சு என்று எழுத்தெழுத்தாக அழித்தார். தூளை ஊதிவிட்டு, பென்சில் தடம் ஏதும் தெரிகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மேலே இருந்த கையெழுத்தை அவர் தொடவே இல்லை.

“அது பொய்யெல்லோ மாமா?” என்றேன்.

“அவா எழுதித் தந்த மாதிரியே இருக்கட்டும் பிள்ளை” என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். பெரிய பாட்டுக்காரியின் பெயர் இருந்தால்தான் வீட்டுக்கு வருகிறவர்கள் மதிப்பார்கள். யாரும் அறியாத ஒரு கிழவியின் பெயரை வைத்து மாமா என்ன செய்வார்? கடைசியில் மாமாவும் மற்ற எல்லோரையும் போலத்தான் என்று முடிவுகட்டி, அன்று முழுவதும் நான் அவரோடு கதைக்கவே இல்லை.