ஜெனரேட்டர் எடுக்கும் வரை

நிட்டிங் ஹாலில் எட்டு மிஷின் ஓடினால் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. கைச்சாடைதான். ஒரு விரலைத் தூக்கினால் நூல் அறுந்துவிட்டது. கையைச் சுற்றினால் நூல் கோன் மாற்ற வேண்டும். எனக்கு அந்த வேலை ஒத்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். எனக்கு மனுஷரிடம் அவ்வளவாகப் பேச்சு வராது.

ஊர் சாத்தான்குளம் பக்கம். படிப்பு ஐந்தாவது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று எங்கள் திருச்சபையில் கேட்டார்கள். இதைத்தான் எழுதத் தோன்றியது.

1. மௌனச்சாமி

நல்லூரில் ஒரு நிட்டிங் யூனிட்டில் ஆபரேட்டராக இருந்தேன். அங்கே ஃபிட்டர் பழனிச்சாமி. பெருமாநல்லூர்க்காரர். ஹால் முழுக்க அவர் பொறுப்பு. காலையில் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"ஏனுங்க மௌனச்சாமி, இன்னிக்காச்சும் ரெண்டு வார்த்தை பேசுவீங்களா? இல்ல, அதையும் சேத்து வெச்சு ஊருக்குக் கொண்டு போறீங்களா?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவ்வளவுதான்.

ஆனால் மிஷின் ஓடும்போது நான் பேசுவேன். ஆண்டவரிடம். வாய்விட்டு, சத்தமாக. அதே ஊர் ராயபுரத்தில் நானும் மனைவியும் இருந்தது லைன் வீடு. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அங்கே சத்தமாக ஜெபிக்க வெட்கம். ஹாலில் அந்த வெட்கம் இல்லை. கோனை ஏற்றிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். பல வருடம் அப்படித்தான். ஒருத்தருக்கும் தெரியாது.

2. ஒண்ணுமில்ல

2008 வாக்கில். மின்வெட்டு அதிகமாக இருந்த காலம். கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுத்து ஓட ரெண்டு நிமிஷம் ஆகும்.

என் மனைவி எஸ்தருக்கு ஒரு பனியன் கம்பெனியில், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை. மூன்று மாதமாக உதிரப்போக்கு. என்னிடம் சொல்லவில்லை. அவளும் என்னைப் போலத்தான். ஒரு நாள் காலையில் வேலை செய்த மேஜை மேலேயே சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

டாக்டரம்மா சொன்னார்: "கர்ப்பப்பையை எடுத்தாகணும். உடம்புல ரத்தமே இல்ல. ஓ நெகட்டிவ், ரெண்டு யூனிட். சாயங்காலத்துக்குள்ள கொண்டாங்க. இல்லேன்னா நான் கத்தி வைக்க முடியாது."

என் ரத்தம் சேரவில்லை. அவள் தங்கச்சிக்கும் வேறு குரூப். ரெண்டு ரத்த வங்கிக்குப் போனேன். ரெண்டிலும் இல்லை. தங்கச்சியை ஆஸ்பத்திரியில் இருக்கச் சொல்லிவிட்டு, லீவு சொல்ல மத்தியானம் கம்பெனிக்கு வந்தேன்.

பழனிச்சாமி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டீங்களா? ஒரு ஆளு வரலீங்க. சித்த நேரம் மிஷின்ல நில்லுங்க, மாத்தி வுட்டர்றேன். ஏனுங்க, மொகம் ஒரு மாதிரி இருக்குது? எதாச்சும் விசயமா?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

என் வேலைக்காலத்தில் நான் செய்த பெரிய தப்பு அதுதான். துணியில் ஓட்டை விட்டிருக்கிறேன். ஊசியை நொறுக்கியிருக்கிறேன். அதெல்லாம் பெரிதில்லை.

மிஷினில் நின்றேன். நூல் அறுந்தது. முடிச்சுப் போடக் கை வரவில்லை. அப்போது ஜெபித்தேன். ஜெபம் என்று சொல்ல முடியாது, கத்தினேன். எட்டு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஆண்டவரே, யார்ட்ட கேக்கதுன்னு எனக்குத் தெரியல. கேக்கதுக்கு எனக்கு வாயும் வரல. எஸ்தரு செத்துருவா ஆண்டவரே. ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும். நீரே..."

கரண்ட் ஏற்கெனவே போயிருந்தது, நான் கவனிக்கவில்லை.

"...பாத்துக்கிடும்!"

அந்த வார்த்தை ஹால் முழுக்கக் கேட்டது. முன்னால் சொன்னதிலும் பாதி கேட்டிருந்தது. மிஷின்கள் ஒவ்வொன்றாக வேகம் குறையும்போது நான் நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்படி ஒரு அமைதியை அந்த ஹாலில் நான் கண்டதில்லை. ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி அப்படியே நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

பழனிச்சாமி ஸ்பேனரைக் கீழே வைத்தார். அந்தச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

"ஏனுங்க, என்ன குரூப்புன்னு சொன்னீங்க?"

"ஓ நெகட்டிவ்."

"என்ற குரூப்புங்க அது." அவர் குரல் மாறிவிட்டது. "நாலஞ்சு வருசத்துக்கு மின்னால வண்டியில வுழுந்து கெடந்தப்ப எனக்கு ரத்தம் கெடைக்காம எங்கூட்டுல அழுது பொரண்டாங்க. என்ற தம்பி வந்து குடுத்தான். அவனுக்கும் அதேதானுங்க."

நான் அறுந்த நூலைப் பிடித்தபடி நின்றேன்.

"நின்னுட்டே இருக்கறீங்க? கெளம்புங்க சாமி! வாசல்ல கேட்டனல்லங்க? ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களே, நீங்கெல்லாம் மனுசனா?"

திட்டிக்கொண்டே பைக் சாவியை எடுத்தார். தம்பிக்கு போன் போட்டார். நாங்கள் கேட்டைத் தாண்டும்போது பின்னால் ஜெனரேட்டர் எடுத்தது. மிஷின் சத்தம் மறுபடியும் எழுந்தது. ரெண்டு நிமிஷம்தான். அதற்குள் முடிந்துவிட்டது.

3. கேட்டது

அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ரத்தம் கொடுத்தார்கள். பழனிச்சாமி படுத்துக்கொண்டே சொன்னார்: "உங்க சாமிக்குக் கேட்டுச்சோ என்னமோ, எனக்கு நல்லாக் கேட்டுச்சுங்க."

சாயங்காலம் ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாள் எஸ்தர் எழுந்து உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் சொன்னாள்: "அவருக்குக் கேக்காமலா கரண்ட நிறுத்துனாரு?"

கரண்ட் தினமும்தான் போகும். அது எனக்கும் தெரியும். அன்றைக்கு, அந்த ஜெபத்தின் நடுவே போனதை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை என்றேன். கேட்க வேண்டிய ஆள் பத்தடி தூரத்தில் ஸ்பேனரோடு நின்றார். எத்தனை வருடம் அவர் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று கரண்ட் போனது. ஹால் அமைதியானது. பழனிச்சாமி என் மிஷினுக்கு வந்தார். கேலி செய்வார் என்று நினைத்தேன்.

"மௌனச்சாமி, கரண்ட் போயிருச்சுங்க." கொஞ்சம் தயங்கினார். "என்ற மவளுக்கு வயித்துல புள்ள தங்க மாட்டீங்குது. ரெண்டு தடவ போயிருச்சுங்க. இப்ப மூணாவது. உங்காளுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

சத்தமாகவே சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஜெனரேட்டர் எடுத்ததும் அவரவர் மிஷினுக்குப் போனோம்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஆண்டவருக்குக் கேட்டால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். பக்கத்து மிஷின்காரருக்கும் கேட்கும்படி ஜெபியுங்கள்.